பட்டமும் பணியும்

ஆண்டுதோறும் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில் தமிழ்நாட்டு இல்லங்களில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. எத்தனை மதிப்பெண் என்பது முதற்கேள்வி. எந்தப் படிப்பில் சேர்த்தால் வேலை கிடைக்கும் என்பது இரண்டாவது. முதற்கேள்விக்கு விடை ஒரு நொடியில் கிடைத்துவிடும். இரண்டாவதற்கு உற்றாரும் ஊராரும் ஆளுக்கொரு விடை சொல்வர். அவற்றுள் ஒன்றை நம்பித் தந்தை நிலத்தை அடகு வைக்கிறார். தாய் நகையைக் கழற்றித் தருகிறாள். நான்கு ஆண்டுகள் கழித்துப் பிள்ளை பட்டத்துடன் வெளிவரும்போது, சேரும் நாளில் இருந்த வேலை அப்படியே இருக்கும் என்பதற்கு எவரும் உறுதி கூற இயலாது.

இக்கவலை இன்று நேற்றுத் தோன்றியது அன்று. நம் நாட்டில் பல்கலைக்கழகம் தோன்றிய நாள்தொட்டே இது உடன் வருகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றையும் அதைச் சூழ்ந்து வளர்ந்த கல்லூரிகளின் வரலாற்றையும் இந்தக் கேள்வியை மனத்தில் கொண்டு பார்த்தால், நமக்குப் பயன்படும் சில உண்மைகள் புலப்படும். தொழில்கள் மாறியபோதெல்லாம் கல்வி நிலையங்கள் என்ன செய்தன? எப்போது வென்றன, எப்போது தவறின? இவற்றை இன்று சற்றே ஆராய்வோம்.

பல்கலைக்கழகம் தோன்றுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் ஒரு தொழிற்பள்ளி இருந்தது. 1794ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானியல் அறிஞராகிய மைக்கேல் டாப்பிங் என்பவர் நில அளவைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதில் சேர்ந்த மாணவர் எட்டுப் பேர். அநாதை விடுதியில் வளர்ந்த சிறுவர்கள். கம்பெனியார் கையில் நாளுக்கு நாள் புதிய நிலப்பரப்புகள் வந்து சேர்ந்துகொண்டிருந்தன. அவற்றை அளந்து வரைபடம் எழுத ஆட்கள் வேண்டும். இங்கிலாந்திலிருந்து அளவையாளரை வரவழைப்பதற்குச் செலவும் மிகுதி, காலமும் மிகுதி. ஆகவே உள்ளூர்ச் சிறுவர்க்கே சங்கிலி பிடிக்கவும் கோணம் அளக்கவும் கற்பித்தனர். அவர்களுள் சிலர் பின்னர் காலின் மெக்கன்சியின் மைசூர் நில அளவையில் துணைவராகப் பணி செய்தனர்.

இங்கே முறை எளியது. தொழில் முதலில் காத்திருந்தது. கல்வி அதன்பின் வந்தது. படித்து முடித்தவனுக்குச் செய்ய வேண்டிய பணி கண்முன்னே இருந்தது. அந்தச் சிறு பள்ளியே வளர்ந்து 1859இல் பொறியியற் கல்லூரி ஆயிற்று; 1920இல் கிண்டிக்குக் குடிபெயர்ந்தது. கிண்டிக் கல்லூரி என்று நாம் இன்றும் போற்றுவது எட்டுச் சிறுவரோடு தொடங்கிய அந்தப் பள்ளியின் வழித்தோன்றலே.

பல்கலைக்கழகமோ வேறு வழியில் பிறந்தது. 1839ஆம் ஆண்டில் சென்னை நகரத்தார் எழுபதினாயிரம் பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்று ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் அளிக்கப்பட்டது. உயர்கல்விக்கு வழி செய்யவேண்டும் என்பது அவர்கள் வேண்டுகோள். 1841இல் உயர்நிலைப் பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. அதுவே பின்னாளில் மாநிலக் கல்லூரி ஆயிற்று. இதற்கிடையில், 1844ஆம் ஆண்டில், தலைமை ஆளுநர் ஹார்டிஞ்சு ஓர் ஆணை பிறப்பித்தார். அரசாங்க உத்தியோகங்களுக்கு ஆட்களைத் தெரிந்தெடுக்கும்போது ஆங்கிலக் கல்வி பெற்றவர்க்கு முதலிடம் தரவேண்டும் என்பது அவ்வாணையின் சாரம். கல்விக்கும் உத்தியோகத்துக்கும் அன்று போடப்பட்ட முடிச்சு எளிதில் அவிழாத முடிச்சாயிற்று.

1854இல் வந்த சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கையை ஒட்டி, 1857ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் அவ்வாண்டு செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாள் நிறைவேறியது. இம்மூன்றுக்கும் மாதிரியாக அமைந்தது அக்கால இலண்டன் பல்கலைக்கழகம். அம்மாதிரியில் ஒரு தனித்தன்மை உண்டு. பல்கலைக்கழகம் பாடம் நடத்தாது. தேர்வு மட்டும் நடத்தும். பாடம் சொல்வது கல்லூரியின் வேலை. வினாத்தாள் அமைப்பதும், மதிப்பிடுவதும், பட்டம் வழங்குவதும் பல்கலைக்கழகத்தின் வேலை. அன்றைய வழக்கில் சர்வகலாசாலை என்று பெயர் பெற்ற நிறுவனம், உண்மையில் கலைகள் கற்பிக்கும் சாலையாக இராமல் கற்றதை அளக்கும் தராசாகவே பல்லாண்டு விளங்கியது.

1857ஆம் ஆண்டில் நடந்த முதல் மெட்ரிகுலேஷன் தேர்வுக்கு வந்தவர் 41 பேர். தேறியவர் 36 பேர். எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் அந்தத் தேர்வு விரைவிலேயே பணம் போலக் கைமாறும் பொருளாயிற்று. எத்தகைய உத்தியோகத்துக்கு எந்தத் தேர்வு வேண்டும் என்று அரசாங்கம் வரையறுத்தது. குமாஸ்தாவுக்கு ஒரு தேர்வு, தலைமைக் குமாஸ்தாவுக்கு ஒரு தேர்வு, வழக்கறிஞருக்கு ஒன்று என்று படிகள் அமைந்தன. படிப்பின் பயன் அறிவு என்று மேடையில் பேசினர். வீட்டில் அனைவரும் அந்தப் படிகளையே எண்ணிக்கொண்டிருந்தனர்.

அப்பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் யார் என்று கேட்டால் தமிழருக்குப் பெருமை தரும் விடை கிடைக்கிறது. முதல் பி.ஏ. தேர்வில் தேறிய இருவரும் யாழ்ப்பாணத்தார். ஒருவர் கறல் விசுவநாதபிள்ளை; மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டைக் குருமடத்தில் பயின்று வந்தவர்கள். தாமோதரம்பிள்ளையின் வாழ்க்கையைச் சற்று நின்று நோக்குவோம். நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு அது நல்லதொரு விளக்கம்.

அவர் சென்னைக்கு வந்தது தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடத்துவதற்காக. பின்பு மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். கள்ளிக்கோட்டையில் அரசினர் பள்ளியில் பணியாற்றினார். அதன்பின் அரசாங்கக் கணக்குத் துறையில் உத்தியோகம் ஏற்றார். நாற்பது வயதை நெருங்கும்போது சட்டம் படித்து, 1871இல் பி.எல். பட்டம் பெற்றார், கும்பகோணத்தில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார். புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். பத்திரிகை, பள்ளி, கணக்கு, வழக்கு, நீதிமன்றம் என்று ஒரே மனிதர் ஐந்து தொழில்கள் கண்டார். இவற்றுள் எதற்காகவும் அவரை இன்று நாம் நினைப்பதில்லை. ஏடுகளில் கிடந்து அழியவிருந்த பழந்தமிழ் நூல்களைத் தேடி எடுத்து, ஒப்புநோக்கி, அச்சேற்றினாரே, அதற்காகவே நினைக்கிறோம். 1881இல் வீரசோழியத்தையும், 1887இல் கலித்தொகையையும் அவர் வெளியிட்டார். தொல்காப்பியப் பகுதிகளும் அவரால் அச்சாயின.

ஏடு பதிப்பிக்கும் தொழிலுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்குப் பட்டம் கொடுக்கவில்லை. ஆயினும் அவருடைய கல்வி அதற்கு உதவவில்லை என்று சொல்ல முடியுமா? வட்டுக்கோட்டையில் தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் ஒரே கூரையின்கீழ்க் கற்பிக்கப்பட்டன. பத்திரிகைப் பணியால் அச்சுக்கூடத்தின் இயல்பு அவருக்குத் தெரிந்தது. கணக்குத் துறையில் பிழை பொறுக்காத கண் பழகியது. வழக்கறிஞர் தொழிலில் சான்றை எடை போடும் முறை கைவந்தது. ஒரு தொழிலில் கற்றது அடுத்த தொழிலுக்கு ஏணியாயிற்று. முதல் பட்டதாரியின் வாழ்க்கையிலேயே இது தெளிவாகிவிட்டது. பட்டம் ஒரு வாயிலைத் திறக்கும். உள்ளே சென்றபின் நெடுந்தொலைவு நடத்திச் செல்வது, புதியதைக் கற்றுக்கொள்ளும் ஆற்றலே.

ஆனால் பின்வந்தோர் கண்ட பாடம் வேறு. அவர்கள் வாயிலையே கண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் அலுவலகமும் நீதிமன்றமுமே கற்றவர் சென்று சேரும் இரு துறைகள் என்றாயின. உத்தியோகங்கள் ஏணிப்படிகளைப் போல் குறைவாக இருந்தன. தேர்வு எழுதுவோரோ ஆற்று வெள்ளம் போல் பெருகினர். தேர்வில் தவறியவர் நிலை இரங்கத்தக்கது. பி.ஏ. வரை படித்துத் தவறினேன் என்று சொல்வதையே ஒரு தகுதியாக விண்ணப்பத்தில் எழுதியவர்களும் இருந்தனர்.

தராசு ஒன்றையே நம்பினால் நேரும் இழப்புக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு சீனிவாச இராமானுசன். கும்பகோணத்திலும் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் படித்த அவர், கணிதம் ஒன்றிலேயே ஆழ்ந்து, ஏனைய பாடங்களில் தேறாமல், பட்டமின்றி வெளியேறினார். 1912ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார். அதே பல்கலைக்கழகம், 1913இல், தன் விதியைத் தளர்த்திப் பட்டமில்லாத அவருக்கு மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. விதியை வகுத்தவர்களே விதியை வளைத்த அந்நாள், பல்கலைக்கழக வரலாற்றில் பொன்னெழுத்தால் பொறிக்கத்தக்கது. ஆயினும் எண்ணிப் பாருங்கள்: அவரைக் கண்டுகொள்ளச் சில நல்லவர்கள் இருந்தனர். கண்டுகொள்ளப்படாமலே எழுத்தராக முதிர்ந்தவர் எத்தனை பேரோ!

கல்வி எழுதுகோலோடு நின்றுவிடக்கூடாது, கைத்தொழிலையும் தழுவவேண்டும் என்று எண்ணியவர்கள் அக்காலத்திலும் இருந்தனர். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் கலைத்தொழிற் பள்ளியை நிறுவினார். சைதாப்பேட்டையில் 1876இல் வேளாண்மைப் பள்ளி தோன்றியது; அது பின்னர்க் கோயம்புத்தூருக்குச் சென்று பெரும்புகழ் பெற்றது. பொறியியற் பேராசிரியராகச் சென்னைக்கு வந்த ஆல்பிரட் சாட்டர்டன் இன்னும் ஒரு படி மேலே சென்றார். கலைத்தொழிற் பள்ளியின் பொறுப்பை ஏற்ற அவர், 1898இல் அங்கே அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். அன்று அலுமினியம் நம் நாட்டுக்குப் புதிது. பித்தளையும் செம்பும் தட்டிப் பழகிய கைகளுக்கு அப்புதிய உலோகத்தைப் பழக்கினார். முயற்சி வெற்றி பெற்று, தனியார் தொழிலாக வளர்ந்தது. குரோம் முறையில் தோல் பதனிடுதல், கிணற்று நீரை எண்ணெய் எஞ்சின் கொண்டு இறைத்தல், சேலத்தில் கைத்தறி நெசவைச் சீர்திருத்தல் முதலியவற்றிலும் அவர் கருத்தைச் செலுத்தினார்.

இம்முயற்சிகள் பெருகியிருந்தால், கற்ற இளைஞர் செல்வதற்கு அலுவலகமன்றி வேறு இடங்களும் உண்டாகியிருக்கும். ஆனால் நடந்தது யாது? அரசாங்கம் தொழில் நடத்துவது தனியார் வாணிகத்தில் தலையிடுவதாகும் என்று இங்கிருந்த ஐரோப்பிய வணிகர் குறை கூறினர். 1910ஆம் ஆண்டில் இந்தியா மந்திரியாகிய மார்லி பிரபு அக்குறைக்குச் செவி சாய்த்தார். அரசாங்கப் பணம் தொழிற்கல்விக்குச் செலவாகலாம், தொழில் நடத்துவதற்குச் செலவாகலாகாது என்று ஆணையிட்டார்.

இந்த ஆணை நமக்கு ஒரு பெரும்பாடம். பயிற்சி அளிக்கலாம், பட்டறை வைக்கலாகாது என்பது நீந்தக் கற்றுக்கொடு, குளம் வெட்டாதே என்பதற்கு ஒப்பாகும். படித்தவனுக்கு வேலை இல்லையென்றால் படிப்பின்மீதே பழி சுமத்துவது நம் வழக்கம். பல சமயங்களில் குற்றம் படிப்பினுடையதன்று. நாட்டில் தொழில் வளராமையே காரணம். தொழிலைப் பெருக்காத நாட்டில் தொழிற்கல்வி மட்டும் பெருகினால், வேலையற்ற எழுத்தருக்குப் பதிலாக வேலையற்ற தொழில்நுட்பரே மிகுவர்.

இந்த உண்மை 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் வெளிப்படையாயிற்று. விலைகள் வீழ்ந்தன; அலுவலகங்களில் ஆட்குறைப்பு நிகழ்ந்தது; பட்டம் பெற்றவர் வீதியில் நின்றனர். வடக்கே ஐக்கிய மாகாணத்தில், கற்றவரின் வேலையின்மையை ஆராயத் தேஜ் பகதூர் சாப்ரு தலைமையில் 1934இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. அந்நிலை ஒரு மாகாணத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. ஆயினும் அதே பத்தாண்டில் தென்னாட்டில் நம்பிக்கை தரும் ஒரு நிகழ்ச்சியும் காணப்படுகிறது. 1930ஆம் ஆண்டில் கிண்டிக் கல்லூரியில் மின்பொறியியல் தனிப் பாடமாகத் தொடங்கப்பட்டது. 1932இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1934இல் மேட்டூர் அணை நிறைவெய்தியது. அங்கும் பின்னர் மின்சாரம் பிறந்தது. கோயம்புத்தூர்ப் பகுதியில் ஆலைகளும், கிணறுகளில் மின் இறைப்புப் பொறிகளும் பெருகின. ஒருபுறம் அணையும் மின்நிலையமும், மறுபுறம் அவற்றை இயக்கவல்ல பொறியாளர் என்று தொழிலும் கல்வியும் கைகோத்து நடந்தபோது விளைந்த பயனை இங்கே காண்கிறோம்.

அக்கல்லூரியின் கதவு மற்றொரு வகையிலும் திறந்தது. 1940இல் முதன்முதலாகப் பெண்கள் அங்கே சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் அ. லலிதா. இளமையிலேயே கணவரை இழந்து, கைக்குழந்தையுடன் பிறந்தகம் வந்தவர். அவர் தந்தையார் அக்கல்லூரியிலேயே பேராசிரியர். கைம்பெண்ணுக்கு வீட்டு மூலையே இடம் என்று உலகம் சொல்லிய காலத்தில், அவர் மின்பொறியியல் பயின்று 1943இல் தேறினார். அவருடைய சான்றிதழில் ஆண்பாலாக அச்சிட்டிருந்த சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாலாக எழுதித்தர வேண்டியிருந்தது. பின்னாளில் கல்கத்தாவில் மின்பொறி நிறுவனம் ஒன்றில் பணியாற்றி, பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகள் தொடர்பான வேலையிலும் பங்கு கொண்டார். அவருடன் பயின்ற தெரேசியா, லீலாம்மா ஜார்ஜ் ஆகிய இருவரும் கட்டடப் பொறியியல் கற்றுத் தேறினர். தொழில் மாறுகிறது என்று சொல்லும்போது பொறிகள் மாறுவதை மட்டுமே எண்ணுகிறோம். தொழில் செய்யும் உரிமை உடையவர் யார் என்பதும் மாறுகிறது. அந்த மாறுதலுக்கு இடம் கொடுப்பதும் கல்வி நிலையத்தின் கடமையே.

விடுதலைக்குச் சற்று முன்னும் பின்னும் தமிழ்நாட்டில் நிகழ்ந்த இரு முயற்சிகள் தொலைநோக்குக்கு எடுத்துக்காட்டுகள். 1942 முதல் 1969 வரை இருபத்தேழு ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கியவர் டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார். அவர் காலத்தில், வள்ளல் அழகப்பச் செட்டியாரின் கொடையால் 1944இல் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று தோன்றியது. தேர்வு நடத்துவதற்கென்றே பிறந்த பல்கலைக்கழகம் வேதிப் பொறியியலும் நெசவுத் தொழில்நுட்பமும் தன் நிழலில் கற்பிக்க முன்வந்தது.

மற்றொரு முயற்சி 1949இல் குரோம்பேட்டையில் நிகழ்ந்தது. சி. ராஜம் என்னும் தொழிலதிபர் தம் மாளிகையை விற்றுப் பெற்ற பணத்தைக் கொண்டு சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே வகுத்த பாடங்கள் வானூர்திப் பொறியியல், தானியங்கிப் பொறியியல், மின்னணுவியல், கருவித் தொழில்நுட்பம் ஆகியன. அன்றைய நாட்டு நிலையில் வானூர்தி செய்யும் தொழிலும் மின்னணுத் தொழிலும் எங்கே இருந்தன? பெரும்பாலும் இல்லை என்றே சொல்லவேண்டும். கைக்கெட்டிய வேலைக்கு ஆள் தயாரிப்பது மட்டுமே கல்வியின் நோக்கமாக இருந்தால், அந்தப் பாடங்கள் தொடங்கப்பட்டிருக்க மாட்டா. இன்றில்லாத தொழில் நாளை வரும், அதற்கு ஆள் இருந்தால்தான் வரும் என்னும் துணிவே அவற்றைத் தொடங்கச் செய்தது. இராமேசுவரத்திலிருந்து வந்து அங்கே வானூர்திப் பொறியியல் பயின்ற இளைஞர் ஒருவர் பின்னர் இந்திய விண்வெளித் துறையிலும் ஏவுகணைத் துறையிலும் செய்த பணியை நாடறியும். அவரே 2002இல் குடியரசுத் தலைவரான ஆ. ப. ஜெ. அப்துல் கலாம்.

அதே காலத்தில் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக்குழு 1949இல் தன் அறிக்கையை அளித்தது. அதில் நம் பொருளுக்கு நேராகப் பொருந்தும் பரிந்துரை ஒன்று உண்டு. அரசாங்க உத்தியோகத்துக்குப் பட்டம் இன்றியமையாதது என்னும் நிபந்தனையை விட்டுவிடலாம் என்று அக்குழு கருதியது. 1844இல் போட்ட முடிச்சை நூறு ஆண்டுகளுக்குப்பின் அவிழ்க்க முயன்ற கை அது. கல்வியை விரும்பி வருவோர் மட்டும் கல்லூரிக்கு வந்தால் கல்வியும் செழிக்கும், உத்தியோகமும் திறமையுடையார்க்குச் சேரும் என்பது அதன் எண்ணம். ஆனால் முடிச்சு அவிழவில்லை. பட்டத்தின்மீது மக்கள் வைத்த நம்பிக்கை மேலும் இறுகியது. அதற்காக மக்களைக் குறைசொல்ல முடியாது. பல தலைமுறைகளாகக் கல்வி மறுக்கப்பட்டிருந்த குடும்பங்களுக்குப் பட்டம் என்பது வயிற்றுப்பாட்டுக்கான சீட்டு மட்டுமன்று. தலைநிமிர்ந்து நிற்பதற்கான உரிமைச் சீட்டும் ஆகும்.

விடுதலைக்குப்பின் ஐந்தாண்டுத் திட்டங்கள் வந்தன. அணைகளும் உருக்காலைகளும் பொறியாளரை அழைத்தன. 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் சென்னையில் இந்தியத் தொழில்நுட்ப நிறுவனம் தோன்றியது. ஆனால் 1960களின் பிற்பகுதியில் திட்டச் செலவு சுருங்கியபோது, பொறியாளரும் வேலைதேடி அலைந்ததை நாடு கண்டது. வேலை உறுதி என்று கருதிய படிப்பும் காலத்தின் ஏற்ற இறக்கத்துக்கு விலக்கன்று என்பது அன்றே விளங்கியது.

1978இல் கிண்டிக் கல்லூரி, அழகப்பர் கல்லூரி, குரோம்பேட்டை நிறுவனம், கட்டடக்கலைப் பள்ளி ஆகிய நான்கும் இணைந்து, இன்று அண்ணா பல்கலைக்கழகம் என வழங்கும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பிறந்தது. 1984 முதல் தனியார் சுயநிதிப் பொறியியற் கல்லூரிகளுக்கு வழி திறக்கப்பட்டது. பின்னர்க் கணிப்பொறித் தொழில் வளர்ந்தது; 2000ஆம் ஆண்டில் சென்னைத் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. கல்லூரிகளின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியது. உழவர் மகனும் நெசவாளர் மகளும் பொறியாளர் ஆயினர். உலகின் பல நகரங்களில் தமிழ் இளைஞர் பணியில் அமர்ந்தனர். இது சிறிய சாதனையன்று. ஆயினும் மற்றொரு பக்கமும் உண்டு. அனைவரும் ஒரே துறையை நோக்கி ஓடினர். ஏனைய துறைகளின் வகுப்பறைகள் காலியாயின. பல்லாயிரம் இடங்கள் நிரம்பாமற் போயின. கல்லூரிகள் சில மூடப்பட்டன. பட்டம் பெற்றும் பட்டத்துக்கேற்ற வேலையின்றிச் சிறு சம்பளத்துக்கு வேறு பணி செய்வோர் ஊர்தோறும் உளர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அனைவரும் சட்டத்தை நாடிச் சென்றதைப் போன்றதே இதுவும். அன்று கறுப்பு அங்கி, இன்று கணிப்பொறி.

இன்று கணிப்பொறித் தொழிலே தன் உருவை மாற்றிக்கொண்டு வருகிறது. கடிதம் வரைவதையும், கணக்கு ஒப்பிடுவதையும், நிரல் எழுதுவதையும் இயந்திரமே ஓரளவு செய்யத் தொடங்கிவிட்டது. புதிய பட்டதாரிக்கு முதற்படியாக இருந்த பணிகளே இவை. இம்மாறுதலைக் கருதித் தமிழக அரசு 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நான் முதல்வன் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. கல்லூரிப் பாடத்துடன் தொழில்திறன் பயிற்சியையும் சேர்த்து அளிப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. இத்தகைய முயற்சி வேண்டுவதே. ஆனால் வரலாறு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. ஒரு காலத்தில் தந்திக் கருவியை இயக்கக் கற்றவன் வேலை உறுதி என்று மகிழ்ந்தான். 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இந்தியாவில் தந்திச் சேவையே நிறுத்தப்பட்டது. கருவியை இயக்க மட்டும் கற்றவனுக்கு அக்கருவியோடு வாழ்வு முடிந்தது. மின்சாரம் கம்பியில் செய்தியை எவ்வாறு கொண்டு செல்கிறது என்னும் தத்துவத்தைக் கற்றவனுக்குத் தொலைபேசியும் வானொலியும் கணிப்பொறியும் அடுத்தடுத்த பாடங்களாயின.

அன்பர்களே, இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க முடிவு யாது? பல்கலைக்கழகம் சோதிடம் சொல்ல முடியாது. பத்தாண்டு கழித்து எந்தத் தொழில் ஓங்கும் என்று துணிந்து சொன்னவர்கள் ஏமாந்தே இருக்கிறார்கள். ஆனால் அதனாற் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடிப்படை அறிவை ஆழமாகக் கொடுக்கலாம். அந்த அறிவைக் கையாலும் செய்து பார்க்க இடம் தரலாம். தாய்மொழியிலும் பிறமொழியிலும் தெளிவாகச் சிந்திக்கவும் எழுதவும் பழக்கலாம். இவை மூன்றும் அமைந்தவன் ஒரு தொழில் அழிந்தால் மற்றொன்றைக் கற்றுக்கொள்வான். தாமோதரம்பிள்ளை கற்றதைப் போல.

அவர் நாற்பதை நெருங்கும்போது சட்டம் படித்தார் என்பதை மறக்க வேண்டாம். இருபத்திரண்டு வயதில் கல்லூரிக் கதவு மூடிவிடுகிறது என்னும் எண்ணம் மாறவேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம் 1981இல் அஞ்சல்வழிக் கல்வி நிறுவனத்தைத் தொடங்கியபோது பணியில் இருந்தவர்க்கும், படிப்பை இடையில் விட்டவர்க்கும், இல்லத்தரசியர்க்கும் ஒரு பக்கக்கதவு திறந்தது. தொழில்கள் விரைந்து மாறும் இக்காலத்தில் அந்தப் பக்கக்கதவே தலைவாயிலாக வேண்டும். வேலை இழந்த நாற்பது வயதுத் தந்தை வெட்கமின்றி மீண்டும் வகுப்பில் வந்து அமரும் நாள் வரவேண்டும்.

அத்துடன், பழியையும் பொறுப்பையும் பகிர்ந்துகொள்ள வேண்டும். 1910இன் ஆணை பட்டறையை மூடியபோது பயிற்சி வீணாயிற்று; 1932இல் பைக்காரா இயங்கியபோது பயிற்சி பயன் தந்தது. ஆகவே பட்டதாரிக்கு வேலை இல்லை என்றால் பல்கலைக்கழகத்தை மட்டும் கேட்டுப் பயனில்லை. தொழில் நடத்துவோரையும், திட்டம் வகுப்போரையும் சேர்த்தே கேட்கவேண்டும். பிள்ளையிடம் மட்டும் நீ ஏன் வேலை தேடவில்லை என்று கேட்பது நீதியாகாது.

பெற்றோர்க்கு ஒரு சொல். எந்தப் படிப்பில் சேர்த்தால் வேலை கிடைக்கும் என்று கேளுங்கள். அது இயல்பான கேள்வி. ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். அந்தக் கல்லூரியில் ஆசிரியர் இருக்கின்றனரா, நூலகம் திறந்திருக்கிறதா, ஆய்வுக்கூடத்தில் மாணவர் தம் கையால் செய்து பார்க்கின்றனரா என்றும் சேர்த்துக் கேளுங்கள். நிலத்தை அடகு வைத்துப் பெறும் கல்வி, முதல் வேலை போனபின்பும் உங்கள் பிள்ளையை நிமிர்ந்து நிற்கச் செய்யும் கல்வியாக இருக்கவேண்டும். அத்தகைய கல்வியை அளிக்கும் கல்லூரியே அடகு வைத்த நிலத்துக்கு ஈடு செய்யும்.